முள் ஏறவே இல்லை!

பி.காம். முதல் வருடத்தில் ஒரு விநோதம் சொல்லிக் கொடுப்பார்கள். கணக்குப் பதிவியலில் கார் என்பது நிலைச் சொத்து. நான்கு சக்கரத்தில் ஊரைச் சுற்றுகிற வஸ்துவுக்கு நிலைச் சொத்து என்று பெயர் வைத்தவர், நிச்சயம் சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணா சாலையில் மாட்டிக்கொண்டவராகத்தான் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டு நிலைச் சொத்து ஒரு மாருதி 800. 1998 மாடல், வெள்ளை. அப்பா ஜி.பி.எஃப்.பில் பணம் எடுத்து வாங்கியது. அன்றைய விலை இரண்டு லட்சத்துச் சொச்சம். சொச்சத்தை விட்டுவிட்டு, வருடத்துக்கு 15 சதவிகிதம் தேய்மானம் என்று குறைந்து செல் மதிப்பு முறையில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 27 வருட முடிவில் அந்தக் காரின் மதிப்பு சுமார் 2,500 ரூபாய். நல்ல செருப்பு ஒரு ஜோடி வாங்கலாம்.

ஆனால், இந்த முறையில் ஒரு அழகு உண்டு. எவ்வளவு வருடம் தேய்த்தாலும் மதிப்பு பூஜ்யம் ஆகவே ஆகாது. ஏதோ கொஞ்சம் மிச்சம் இருந்துகொண்டே இருக்கும். எனக்கு பி.காம்.மில் பிடித்த ஒரே விஷயம் இதுதான்.

மாருதி 800 பற்றி நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1983 டிசம்பர் 14-ஆம் தேதி, முதல் காரின் சாவியை இந்திரா காந்தி கையால் கொடுத்தார். 2014 ஜனவரியில் தயாரிப்பை நிறுத்தினார்கள். நடுவில் முப்பது வருடம், இந்த நாட்டு நடுத்தர வர்க்கம் அதற்குள்தான் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. 796 சி.சி., மூன்றே மூன்று சிலிண்டர். பானெட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். இன்றைய கார்களில் பானெட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. ‘உனக்கு இங்கே என்ன வேலை?’ என்று கேட்பது போல இருக்கும்.

அப்பாவுக்கு இப்போது எண்பது வயது. கண்ணில் குளுக்கோமா. நாலு வருடமாக ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. நான் ஆபீசுக்கு மெட்ரோவில் போகிறேன். அதனால் கார், ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் போய் வரும். அப்பா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவார். சாலை அவருக்குப் புகை மாதிரிதான் தெரியும். ஆனால், எஞ்சின் சத்தம் துல்லியமாகக் கேட்கும்.

போன வருடம் ரேடியேட்டர் ஹோஸ் ஒன்று வெடித்து ஒழுகியது. எங்கள் பகுதி மெக்கானிக் மாற்றிக் கொடுத்தார். நல்ல மனிதர், நியாயமான கூலி. அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் சோக்கை உள்ளே தள்ளவே முடியவில்லை. தள்ளினால் இருமி நின்றுவிடும். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, 13-க்கு இறங்கியது. பழைய வண்டி, வயசாச்சு, அப்படித்தான் இருக்கும் என்று யாரும் சொல்லலாம். மெக்கானிக்கும் அதையேதான் சொன்னார்.

அப்பாதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டார். “டெம்பரேச்சர் முள் எங்கடா நிக்குது?”

“கீழேயே நிக்குதுப்பா.”

“எவ்ளோ தூரம் வந்திருக்கோம்?”

“பத்து கிலோமீட்டர் இருக்கும்.”

“அப்ப முள் ஏறவே இல்ல. உள்ள தெர்மோஸ்டாட் இல்லைன்னு அர்த்தம். போய் கேளு.”

கேட்டேன். மெக்கானிக் மறைக்கவே இல்லை. பெருமையாகவே சொன்னார். “ஆமா சார், ஹோஸ் மாத்தும்போதே கழட்டிப் போட்டுட்டேன். நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு சார்? தண்ணி ஃப்ரீயா ஓடட்டும். எஞ்சின் கூலா இருக்கும்.”

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது, பாருங்கள்!

தெர்மோஸ்டாட் வால்வு என்பது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்ன உலோகத் தட்டு. நடுவில் ஒரு ஸ்பிரிங். எஞ்சினிலிருந்து சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகிற வழியில் கதவு மாதிரி உட்கார்ந்திருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கதவு சாத்தியிருக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து சீக்கிரம் சூடாகும். சுமார் 82 டிகிரி வந்ததும் கதவு மெள்ளத் திறக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறி வரும். ரொம்ப ஆறிவிட்டால் மறுபடி கொஞ்சம் சாத்திக்கொள்ளும்.

இதைத் திறந்து மூடுவது யார்? கரண்ட் கிடையாது. கம்ப்யூட்டர் கிடையாது. உள்ளே ஒரு சின்ன டப்பா நிறைய மெழுகு. அவ்வளவுதான். சூட்டில் மெழுகு உருகும்போது வீங்குகிறது. வீங்கி ஒரு கம்பியைத் தள்ளுகிறது. கதவு திறக்கிறது. ஆறினால் மெழுகு சுருங்க, ஸ்பிரிங் கதவைச் சாத்துகிறது. 1930-களில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் கண்டுபிடித்த உத்தி. இன்றைக்கும் கோடிக்கணக்கான வண்டிகளில் இதே மெழுகுதான் வேலை பார்க்கிறது.

‘நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு?’ என்ற கேள்விக்கு ஒரு சின்னக் கழித்தல் கணக்கு போதும். ஜப்பான்காரன் டிசம்பரில் கார் எடுக்கும்போது வெளியே பூஜ்யம் டிகிரி என்று வையுங்கள். எஞ்சின் 82 டிகிரி ஏற வேண்டும். சென்னையில் மே மாதம் நாம் எடுக்கும்போது 38 டிகிரி. அப்போதும் எஞ்சின் 44 டிகிரி ஏற வேண்டும். நமக்குத் தலை சுற்றுகிற வெயில், எஞ்சினுக்குக் குளிர்காலம்!

குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. பாதி திவலையாகவே உள்ளே போகும். அதைச் சரிக்கட்ட சோக் போட்டு இன்னும் பெட்ரோல் ஊற்றுகிறோம். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிவிடும். எரிந்ததில் வருகிற நீராவி ஆயிலோடு கலந்து, நாளடைவில் சேறு கட்டும். மாருதி 800-இல் இன்னொரு சங்கதி. கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் போகிற மேனிஃபோல்டைச் சூடாக்குவதும் இதே வெந்நீர்தான். முள் ஏறாத வண்டியில் அதுவும் நடக்காது. தண்ணீர் ‘ஃப்ரீயா’ ஓடுவதற்குக் கொடுக்கிற விலை இத்தனையும்.

மெக்கானிக்கைத் திட்டுவது என் நோக்கம் இல்லை. அவர் சொன்னதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய காலத்தில் ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றியவர்கள் ரொம்பக் கம்மி. கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், அவசரத்துக்கு வாய்க்கால் தண்ணீர். உள்ளே உப்புப் படியும், துரு ஏறும். துருப்பிடித்த தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொள்ளும். அப்புறம் விழுப்புரம் தாண்டி நடு ரோட்டில் பானெட்டிலிருந்து ஆவி பறக்கும். பக்கத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காது. கழற்றி எறிந்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தவன் புத்திசாலி. அந்தப் புத்திசாலியிடம் தொழில் கற்ற பையன்தான் இன்றைய மெக்கானிக். நல்ல கூலன்ட் வந்துவிட்டது, கடைக்குக் கடை வால்வு கிடைக்கிறது. காரணம் செத்துப்போன பிறகும் யோசனை மட்டும் ஆயுசோடு இருக்கிறது. நம் வீடுகளில் இப்படி எத்தனை யோசனைகள் நடமாடுகின்றன என்று உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. நாங்கள் காரை விற்க முடிவு செய்திருந்தோம்.

நான்தான் பேச்சை எடுத்தேன். ஓட்டுவதற்கு ஆள் இல்லை, நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்து வீட்டோடு சண்டை. ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. 2023-இல் அதைக் கட்டிவிட்டு வந்த அன்றைக்கே என் தலைக்குள் ஐந்தொகை ஓட ஆரம்பித்துவிட்டது. அப்பா மறுப்புச் சொல்லவில்லை. “சரிடா, வித்துடு” என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு பையன் வந்து பார்த்தான். கார் ஓட்டிப் பழக ஒரு பழைய வண்டி வேண்டும், 40,000 தருகிறேன் என்றான். மாதக் கடைசியில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அதற்கிடையில்தான் இந்த முள் விவகாரம்.

“அதான் விக்கப் போறோமேப்பா... வாங்கறவன் பார்த்துக்கட்டும்” என்றேன்.

“அவனுக்குத் தெரியுமா, வால்வு இல்லைன்னு?”

“தெரியாது.”

“தெரியாம ஒருத்தன் தலையில கட்டறதுக்கு வேற பேருடா. ஒண்ணு, சொல்லிட்டு வில்லு. இல்ல, சரி பண்ணிட்டு வில்லு.”

எண்பது வயதுத் தணிக்கையாளரிடம் வாதாட முடியாது. ஆமாம், அப்பா கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் இருந்தவர். அதைப் பிறகு சொல்கிறேன்.

சென்னையில் கார் பாகம் வேண்டுமென்றால் இரண்டு திசை உண்டு. பழசுக்குப் புதுப்பேட்டை. புதுசுக்கு ஜி.பி. ரோடு, அதாவது ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. ஆறடி அகலக் கடையில் அறுபது வருடத்துக் கார்களின் உறுப்புகள் தொங்கும். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “என்ன வண்டி?”

“மாருதி 800, தெர்மோஸ்டாட்.”

“கார்பு டைப்பா, எம்.பி.எஃப்.ஐ.யா?”

“கார்பு.”

இப்போது நிமிர்ந்து பார்த்தார். பழைய நண்பனை விசாரித்த மாதிரி ஒரு சிரிப்பு. “பரவால்லியே சார், மாட்றதுக்குக் கேக்குறீங்க! கழட்டிப் போடறவங்கதான் ஜாஸ்தி.”

வால்வு 350 ரூபாய். பேப்பர் கேஸ்கெட் 30. கூலன்ட் ஒரு பாட்டில் 350. வரும் வழியில் இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் இரண்டு கேன். மொத்தம் 850 ரூபாய்க்குள் முடிந்தது. புத்தக மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு! எந்த ஆடிட்டரும் இந்தச் செலவுக்குக் கையெழுத்துப் போட மாட்டார், எங்கள் வீட்டு ஆடிட்டரைத் தவிர.

இன்னொரு கணக்கும் போட்டேன். மாதம் 300 கிலோமீட்டர். 16 கொடுக்கிற வண்டி 13 கொடுத்தால், மாதம் நாலு லிட்டருக்கு மேல் வீண். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 400 ரூபாய்க்கு மேல். இரண்டே மாதத்தில் அசல் திரும்பிவிடும். விற்கப்போகிற வண்டிக்கு இந்தக் கணக்கு செல்லாது என்பது வேறு விஷயம்.

புது வால்வை அப்படியே மாட்டக் கூடாது என்பது அப்பாவின் கட்சி. “சோதிக்காம எதையும் ரெஜிஸ்டர்ல ஏத்தக் கூடாது.” அதனால் சனிக்கிழமை ராத்திரி எங்கள் சமையலறை சோதனைக்கூடம் ஆனது. ஒரு பழைய அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர். வால்வை நூலில் கட்டி, அடியில் இடிக்காமல் தொங்கவிட வேண்டும். பாத்திரத்தின் அடிப்பக்கம் தண்ணீரைவிடச் சூடு அதிகம், பட்டால் கணக்கு தப்பும். பக்கத்தில் சமையல் தெர்மாமீட்டர். அடுப்பைச் சிம்மில் வைத்தேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “என்னங்க இது, என்ன குழம்பு?”

“மெழுகுக் குழம்பு.”

“பாத்திரம் திரும்பக் கிச்சனுக்குள்ள வரக் கூடாது. சொல்லிட்டேன்.”

ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகள் தெர்மாமீட்டரைப் படிக்க, அப்பா காதால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “எழுபது தாத்தா... எழுபத்தஞ்சு... எண்பது... ஐயோ, தொறக்குது தாத்தா!” எண்பத்திரண்டைத் தாண்டும்போது தட்டு விளிம்பில் ஒரு கீற்று தெரிந்தது. தலைமுடி அகலம். பிறகு மெள்ள மெள்ள விரிந்து, தொண்ணூற்றைந்துக்கு வருவதற்குள் கண்ணைத் திறந்த மாதிரி முழுசாகத் திறந்தது. அடுப்பை அணைத்தோம். வந்த வழியே மூடிக்கொண்டது. மகள் மூன்று தடவை பார்த்தாள். பாடப் புத்தகத்தில் வெப்ப விரிவாக்கம் என்று இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்த சமாசாரம், கண் எதிரே மூச்சு விடுகிறது!

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு வேலையைத் தொடங்கினோம். எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும், அது முக்கியம். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறப்பது, விசில் வரும் நேரத்தில் குக்கர் மூடியைத் திறப்பதற்குச் சமம். இரண்டும் ஒரே சித்தாந்தம். அழுத்தத்தில் வைத்தால் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்காது, அதற்கும் மேலே போகும். திறந்த கணம் மொத்தமும் ஆவியாக முகத்தில் அடிக்கும். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் இந்தப் பத்தியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

அப்பா பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு பானெட் அருகில் உட்கார்ந்தார். மடியில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். கழற்றுகிற போல்ட், கிளிப் எல்லாம் அவர் கைக்குத்தான் போக வேண்டும்.

ரேடியேட்டர் அடியில் இருக்கிற திருகைத் திறந்து தண்ணீரை ஒரு பேசினில் பிடித்தோம். தேநீர் நிறத்தில் துருத் தண்ணீர் வந்தது. ஹோஸ் மாற்றியபோது குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். மேலே இருக்கிற பெரிய ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி உருவினேன். அது போய்ச் சேர்கிற இடத்தில் ஒரு அலுமினிய மூடி. இரண்டே இரண்டு போல்ட். 12-ம் நம்பர் ஸ்பேனர். மூடியைத் தூக்கினால் குழி காலி. பல் விழுந்த ஈறு மாதிரி.

“உள்ள விரலை விட்டுப் பாரு. வால்வு உக்கார்ற படி இருக்கா?”

இருந்தது. அதில் காய்ந்த கேஸ்கெட் தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டுவதில்தான் பாதி நேரம் போனது. அலுமினியத்தில் கீறல் விழக் கூடாது. விழுந்தால் அந்த வழியாகக் கசியும். உள்ளே குப்பை விழாமல் துணியை அடைத்துக்கொண்டு, மழுங்கிய பிளேடால் தோசைக்கல்லில் ஒட்டிய முறுகலை எடுப்பது போல எடுத்தேன். பிறகு நல்ல தண்ணீரை ஊற்றி ஊற்றி, தெளிவாக வரும்வரை ரேடியேட்டரைக் கழுவினோம். வால்வை ஸ்பிரிங் பக்கம் எஞ்சினைப் பார்க்க வைக்க வேண்டும். தட்டில் ஒரு குட்டித் துளை, அதில் ஆடுகிற ஒரு ஊசி இருக்கும். அது மேல் பக்கம் வர வேண்டும். உள்ளே மாட்டிக்கொள்ளும் காற்று வெளியேற அதுதான் வழி.

போல்ட்டை இறுக்கும்போது அப்பா கையை உயர்த்தினார். “மாத்தி மாத்தி இறுக்கு. இதுல கொஞ்சம், அதுல கொஞ்சம். அலுமினியம்டா அது, பலத்தைக் காட்டாத. போதும்னு கை சொல்லும். அப்ப நிறுத்திடு.”

கை சொல்லியது. நிறுத்தினேன்.

கூலன்ட் ஒரு பங்கு, டிஸ்டில்டு வாட்டர் இரண்டு பங்கு. மெதுவாக ஊற்ற வேண்டும், காற்று குமிழ் குமிழாக வரும். கீழே சிந்தினால் உடனே கழுவிவிட வேண்டும். கூலன்ட்டில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். தெருநாய் நக்கினால் பிழைப்பது கஷ்டம். எங்கள் தெரு மணி, அரை மணி நேரமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. மகள் அதைப் பிஸ்கட் காட்டி அந்தப் பக்கம் கூட்டிப் போய்விட்டாள்.

ஸ்டார்ட் செய்து, குமிழ் அடங்கியதும் அளவைச் சரி பார்த்து மூடியைப் போட்டோம். அப்பா எழுந்து வந்தார். ஃபேன் பக்கம் போகாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு, மேல் ஹோஸில் உள்ளங்கையை வைத்தார்.

“ஜில்லுனு இருக்கு.”

இரண்டு நிமிடம். நாலு நிமிடம். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே மகள் சீட்டில் உட்கார்ந்து முள்ளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். “ஏறுது தாத்தா... இன்னும் ஏறுது...” ஹோஸ் இன்னும் வெதுவெதுப்புதான். ஏழு நிமிடம் இருக்கும். அப்பா சட்டென்று கையை எடுத்தார்.

“தொறந்துடுச்சுடா!”

கண் தெரியாத ஒரு மனிதர், உள்ளே ஒரு மெழுகுத் துளி கதவைத் திறந்த நொடியைக் கையால் பார்த்துவிட்டார். முள் நடுவில் வந்து நின்றது. அப்படியே நின்றது. சோக்கை உள்ளே தள்ளினேன். வண்டி இருமவில்லை.

அப்பாவின் வேலையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் இல்லையா? விவசாயக் கடன் சங்கம், பால் சங்கம், நெசவாளர் சங்கம் என்று ஊர் ஊராகப் போய் கணக்குப் புத்தகங்களைப் புரட்டுவதுதான் அவர் உத்தியோகம். ரசீது இல்லாத செலவுக்குப் பக்கத்தில் ‘ஆட்சேபணை’ என்று எழுதுவார். எந்த ஊரிலும் அவரை யாரும் விரும்பியதில்லை. ‘இந்த ஆள் வந்தாலே வேலை ஓட மாட்டேங்குது’ என்பதுதான் அவருக்குக் கிடைத்த நற்சான்றிதழ். என் பள்ளிப் படிப்பு ஐந்து ஊர்களில் நடந்தது.

ஒரு சங்கத்தில் நகைக் கடன் பொட்டலங்களைப் பிரித்து எடை போட்டே தீருவேன் என்று நின்றார். அங்கேயும் அதே முணுமுணுப்பு. பாதியிலேயே மாற்றல் வந்தது. அவர் போன பிறகு அந்தச் சங்கத்தில் எல்லாம் தாராளமாக ஓடியது. மூன்று வருடம் கழித்து வேறு ஒருவர் பொட்டலங்களைப் பிரித்தார். பாதிக்கு மேல் கவரிங். பணமும் சேர்ந்தே ஓடியிருந்தது. அடகு வைத்த ஜனங்கள் வாசலில் உட்கார்ந்து அழுத படம் பேப்பரில் வந்தது. அப்பா அதை வெட்டி வைக்கவில்லை. பார்த்துவிட்டு, பேப்பரை மடித்து அம்மாவிடம் கொடுத்தார்.

நான் வேலை பார்க்கிற தொழிலிலும் இதைப் பார்த்திருக்கிறேன். பத்திரிகை ஆபீஸ்களில் முன்பெல்லாம் புரூஃப் ரீடர் என்று ஒரு ஜாதி உண்டு. பக்கம் முடிகிற நேரத்தில் வந்து ‘இந்த வருஷம் சரியா? இந்தப் பெயர் சரியா?’ என்று வழியை மறிப்பார்கள். அவர்கள் போன பிறகு பக்கங்கள் வேகமாகத்தான் முடிகின்றன. என்ன அச்சாகிறது என்பதை நீங்கள்தான் தினமும் பார்க்கிறீர்களே!

தடுக்கிற ஒன்றைக் கழற்றிவிட்டால் அன்றைக்கே பலன் தெரியும். எல்லாம் சுலபமாக ஓடும். நஷ்டம் தெரிய வருடங்கள் ஆகும். அதற்குள் கழற்றியது யார் என்பதே மறந்துபோயிருக்கும். மெழுகு வால்வின் துரதிர்ஷ்டம் அதுதான். அது மூடியிருக்கும்போது செய்கிற நல்லது யார் கண்ணுக்கும் தெரியாது.

கை கழுவும்போது அப்பாவிடம் சொன்னேன். “நீங்களும் ஒரு தெர்மோஸ்டாட்தான்ப்பா.”

துளிகூட நெகிழவில்லை. “போடா. நான் 82 டிகிரிக்கெல்லாம் தொறந்ததில்ல. வவுச்சர் இருந்தா மட்டும்தான் தொறப்பேன்” என்றார்.

வண்டிக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறார். 1998-இலிருந்து ஒவ்வொரு ஆயில் மாற்றமும் பஞ்சரும் அதில் உண்டு. இப்போது எழுதுவது மகள். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். தேதி, கிலோமீட்டர், தெர்மோஸ்டாட் புதிது, சோதித்தது, திறப்பு 82.

மாதக் கடைசியில் சொன்னபடியே அந்தப் பையன் வந்தான். பாக்கெட்டில் பணம். கூடவே வண்டி பார்த்துச் சொல்ல ஒரு மெக்கானிக் நண்பன். தெருவை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்தார்கள். இருவர் முகத்திலும் திருப்தி. அப்பா நோட்டைக் காட்டி, வால்வு மாற்றியதை விளக்கமாகச் சொன்னார். பையன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். நண்பன் பானெட்டை மூடிக்கொண்டே, பையனிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். “மச்சி, வண்டி செம்ம கண்டிஷன். எடுத்துடு. அந்த தெர்மோஸ்டாட்ட மட்டும் நாளைக்கு நான் கழட்டி விட்டுடறேன். நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்ல.”

அப்பாவுக்குக் கண்தான் தெரியாது என்றேன். காது நன்றாகக் கேட்கும்.

“தம்பி, உள்ள வாங்க. காபி சாப்பிட்டுட்டுப் போங்க” என்றார். டீபாயின் மேல் இருந்த சாவி அவருடைய சட்டைப் பைக்குள் போனதை நான் பார்த்தேன். அந்தப் பையன் பார்க்கவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது மனைவி கேட்டாள். “என்னங்க, வண்டி வித்தாச்சா?”

“இல்ல. தணிக்கை ஆட்சேபணையில நிக்குது” என்றேன்.